மஞ்சள் பீன்ஸும் ஆடிப் பட்டமும்

1

இங்கே பீன்ஸ் மஞ்சளாக இருக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் புரியாது. முற்றிப் பழுத்து மஞ்சளானது இல்லை. பிஞ்சிலிருந்தே வெண்ணெய் நிறத்தில் காய்க்கிற ரகம். அப்படியே பறித்து, அப்படியே வதக்கிச் சாப்பிடுகிறார்கள். மிஞ்சினதைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்துப் பனிக்காலம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். திண்டிவனம் மார்க்கெட்டில் இந்த நிறத்தில் ஒரு கூடை பீன்ஸைக் கண்டால், "இன்னாம்மா, போன வாரத்துச் சரக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவோம்.

போன வாரம் விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. வின்னிபெக்கில் ஏப்ரல் என்றால் வாசலில் இன்னும் அழுக்குப் பனி கிடக்கும். மண் சூடேறி விதைக்க மே கடைசி ஆகிவிடும். ஆனாலும் பொட்டலங்களை மேஜையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாமே குத்துச் செடி ரகங்கள். போன வருடம் நான் வாங்கியது கொடி ரகம். அம்மா இங்கே வந்துபோன கோடை அது. கொடியிலிருந்து குத்துச் செடிக்கு ஏன் மாறினேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் ஊர், விழுப்புரத்திலிருந்து மண்டகப்பட்டுக்குப் போகிற பக்கம். நான் திண்டிவனத்தில் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். அதிலிருந்து ஒன்றரை ஏக்கரை அம்மாதான் பார்க்கிறாள். ஆடியில் மல்லாட்டை, கார்த்திகையில் உளுந்து. மல்லாட்டை என்று நாங்கள் சொல்வது வேர்க்கடலையை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் பேப்பர் என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். ரேஷன் கார்டில் பெயர் திருத்தம், மின் இணைப்பை மாற்றுவது எல்லாவற்றுக்கும் அரைக்கால் சட்டையோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறேன். அம்மாவுக்காகக் கனடா விசா கேட்டு விண்ணப்பித்ததும் எனக்கு அப்படித்தான் இருந்தது. பெரிய தாலுகா ஆபீஸ், வரிசை மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

முதல் முறை இல்லை என்றுவிட்டார்கள். அம்மா ஊர் திரும்புவாள் என்பதற்குப் போதுமான காரணம் காட்டவில்லையாம். இரண்டாவது முறை, நிலத்தின் பட்டாவை ஆங்கிலத்தில் மாற்றி, முத்திரை வாங்கி இணைத்தேன். கூடவே என் கைப்பட ஒரு விளக்கம்: "என் தாயார் விவசாயி. நிலத்தை விட்டு நீண்ட காலம் வெளியே தங்க மாட்டார்." எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். எழுதினவன் மண்டையில்தான் அது ஏறவில்லை.

3

நகராட்சி வாடகைக்கு விடுகிற பொதுத் தோட்டம் ஒன்று எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் இருக்கிறது. அதில் எங்களுக்கு ஒரு பாத்தி. பக்கத்துப் பாத்தி ஹெலனுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சத்தமாகப் பேசுவார், பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டும் என்று பழகின குரல்.

மஞ்சள் பீன்ஸில் எதைப் போடலாம் என்று அவரிடம்தான் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "பறித்ததும் சாப்பிடப் போகிறாயா, பாட்டிலில் அடைக்கப் போகிறாயா?"

"ஏன், இரண்டுக்கும் ஒன்று ஆகாதா?"

ஆகாதாம். குத்துச் செடி முழங்கால் உயரம்தான் வளரும். சீக்கிரம் காய்த்து, இரண்டு மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். பாட்டிலில் அடைக்கிறவர்களுக்கு அதுதான் வசதி. ஒரே நாளில் அடுப்பு மூட்டி வேலையை முடிக்கலாம். கொடி ரகம் தாமதமாக ஆரம்பிக்கும். ஆனால் ஆரம்பித்துவிட்டால், பறிக்கப் பறிக்கக் காய்த்து, உறைபனி விழுகிறவரை நிற்காது.

எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. விசா எப்போது வரும் என்று தெரியாது. அம்மா ஆகஸ்டில் இறங்கினாலும் சரி, செப்டம்பரில் இறங்கினாலும் சரி, கொடியில் காய் தொங்க வேண்டும். கொடியிலும் ஒரு பட்டைக் காய் ரகத்தைத் தேடிப் பிடித்தேன். பார்க்க அவரைக்காய் மாதிரியே இருக்கும். அம்மாவுக்கு அவரைக்காய்ப் பொரியல் என்றால் கூடுதலாக ஒரு கவளம் இறங்கும்.

என் மனைவி கலாவுக்கு இது பிடிக்கவில்லை. அவள் வானூர்ப் பெண்.

"ஏங்க, இருக்கிறதே ஒரு பாத்தி. வெண்டிக்கா போட்டா புளிக்கொழம்புக்காவது ஆவும். மஞ்சக் காயப் போட்டுக்கினு, அத யாரு துன்றது?"

"எங்க அம்மா துன்னும்."

"உங்க அம்மாகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அம்மாவிடம் நிறையக் கேட்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் பெயர் சரியாக இருக்கிறதா, மருத்துவப் பரிசோதனைக்குச் சென்னைக்குப் போக முடியுமா, விமானத்தில் சாப்பாடு இறங்குமா. நிலத்தில் இந்த வருடம் என்ன போடப் போகிறாய், எப்போது போடுவாய் என்று மட்டும் கேட்கவில்லை.

4

விசா ஜூலையில் கிடைத்தது. மாதம் முடிவதற்குள் அம்மா வந்துவிட்டாள். எங்கள் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது, கோடை விடுமுறை. காலையில் நான் தானியக் கிடங்கில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலைக்கும், கலா முதியோர் இல்லத்து வேலைக்கும் போய்விட்டால், ஆயாவும் பேத்தியும் மட்டும்தான் வீட்டில். இரண்டு பேரும் கையைக் காட்டியே பேசிக்கொள்வார்கள். யாழினிக்குத் தமிழில் சோறு, தண்ணி, வா, போ, மஞ்சள், பச்சை தெரியும். பள்ளியில் சேர்த்த புதிதில் அவள் யாரோடும் பேசாமல் இருக்கிறாள் என்று ஆசிரியை சொன்னார். அதைக் கேட்டுப் பதறி, வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேச ஆரம்பித்தவன் நான்தான். ஆறு மாதத்தில் அவள் பேசினாள். தமிழ் போன வேகம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆகஸ்டில் பீன்ஸ் கொடி காய்க்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிப் போய்ப் பறிக்கலாம் என்றிருந்தேன். ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தால், தோட்டத்து வேலிக்குப் பக்கத்தில் ஹெலன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் பாத்தியில் குச்சிகள் மட்டும் நின்றன. கொடிகளை வேரோடு பிடுங்கி, காயோடு சுருட்டி, மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தாள் அம்மா. வியர்த்து, முகம் மலர்ந்து இருந்தாள். வந்ததிலிருந்து அவளை அப்படி நான் பார்க்கவில்லை.

"வந்துட்டியாடா? நல்ல வேள, நான் பார்த்தேன். அத்தினியும் தேமலு. தண்டுலேர்ந்து காயி வரிக்கும் மஞ்சளாயிப் போய்க்கினு கெடக்குது. நீ இன்னாடா பார்த்துக்கினு சும்மா இருந்திருக்கிற? அந்த வெள்ளக்காரம்மா செடிக்கெல்லாம் ஒட்டிக்கினு இருந்தா இன்னா பண்ணுவ?"

உளுந்து போடுகிறவர்களுக்குத் தெரியும். மஞ்சள் தேமல் விழுந்த செடியை விட்டு வைத்தால், வெள்ளை ஈ அதிலிருந்து கிளம்பிக் கொல்லையையே மஞ்சளாக்கிவிடும். இலை மஞ்சளாகும், காயும் மஞ்சளாகும். கண்ணில் பட்டதும் பிடுங்கி, ஈ பறக்காமல் மூடிவிட வேண்டும். அம்மா கார்த்திகை தொடங்கித் தினமும் காலையில் செய்கிற வேலை அது. கொடி ரகத்தின் தண்டும் வெளிறித்தான் இருக்கும். நான் வேறு தண்ணீரை அதிகம் விட்டு அடி இலைகளைப் பழுக்க வைத்திருந்தேன்.

"அம்மா, இது நோவு இல்லம்மா. இது காயோட கலரே இதான்."

அவள் என்னைப் பார்த்தாள். ஷீட்டைப் பார்த்தாள். "இன்னாடா சொல்ற?"

யாழினி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஐ டோல்ட் ஹெர், அப்பா. ஐ டோல்ட் ஹெர் இட்ஸ் ஓகே." அவளுக்குத் தெரிந்திருந்தது, ஹெலன் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அம்மா பிடுங்கப் பிடுங்க, பக்கத்தில் நின்று "மஞ்சள், மஞ்சள்" என்று கத்தியிருக்கிறாள். அந்த ஒரு சொல்தான் அவளிடம் இருந்தது. அம்மாவோ, "ஆமாடி தங்கம், மஞ்சள்தான், அதான் புடுங்குறேன்" என்று இன்னும் வேகமாகப் பிடுங்கியிருக்கிறாள்.

கலா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டாள். "அத்தை, நான் அப்பவே சொன்னேன், வெண்டிக்கா போடுங்கன்னு. இவரு கேக்கல. நீங்க வந்து எடத்த காலி பண்ணிக் குடுத்துட்டீங்க."

அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். ஷீட்டை எடுத்து, நல்ல காய்களைப் பொறுக்கினோம். அன்றைக்கு ராத்திரிப் பொரியலுக்கு வந்தது. சாப்பிடும்போது அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வந்த எடத்துல ஒரு வேல செஞ்சேன். அதுவும் பேஜாராப் போச்சு."

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலிருந்து வீடியோ கால். கோவிந்தன் சித்தப்பா, அப்பாவுக்குப் பங்காளி, எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர். அம்மா சமையலறையில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பேசினாள். நான் பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா அண்ணி, கனடாவுல குளுருதா? இங்க நேத்து செம மழ. மல்லாட்ட மொளச்சி ஜோரா நிக்குது, பாரு." போனைத் திருப்பிக் காட்டினார். வரிசை வரிசையாகப் பச்சை. "அப்பால இருக்கிற உன்னுதப் பாரு. கோர மண்டி, எங்க மாடுங்களுக்குப் பொங்கல்தான். இந்த ஆடில நம்ம பக்கம் மொட்டையாக் கெடக்கிறது உன்னுது ஒண்ணுதான்."

அம்மா சட்டென்று போனைக் கவிழ்த்துவிட்டாள். "சிக்னல் இல்ல" என்றாள், என்னைப் பார்க்காமல்.

கவிழ்ந்த போனிலிருந்து சித்தப்பா, "அண்ணி? ஹலோ? அண்ணி?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு நினைவு தெரிந்து அந்த நிலம் ஆடியில் சும்மா கிடந்ததில்லை. அப்பா இறந்த வருடம்கூட, காரியம் முடிந்த பிறகு அம்மா விதை மல்லாட்டை வாங்கி வந்து விதைத்தாள். அந்த வருமானத்தில்தான் நான் கடைசி வருடம் படித்தேன்.

"ஏம்மா சொல்லல?"

"இன்னாத்தச் சொல்றது?"

"மல்லாட்ட போடணும், அப்பறம் வர்றேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா சர்க்கரை டப்பாவை மூடினாள். "நீ ஒரு வருஷமா பேப்பர் பேப்பரா அனுப்பிக்கினு இருந்த. மொதல்ல இல்லன்னுட்டாங்கன்னு சோறு துன்னாம கெடந்தியாம், கலா சொல்லிச்சி. அப்பறம் கெடச்சிட்ச்சின்னு போன்ல அழுத. அந்த நேரத்துல போயி, மல்லாட்ட போடணும்னா சொல்லுவாங்க? இன்னா பேச்சு பேசுற நீ."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். இங்கே ஒரு பாத்திக்கு எந்த ரகம், எத்தனை நாளில் காய்க்கும், எப்போது ஓயும் என்று மாதக்கணக்கில் படித்தேன். ஒன்றரை ஏக்கருக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மாவின் வருகைக்கு என் கொடி தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தேனே தவிர, அவள் எதை விட்டுவிட்டு வருகிறாள் என்று நினைக்கவில்லை.

6

அம்மா கிளம்புவதற்கு முன்னால் ஹெலன் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மஞ்சள் பீன்ஸ். உப்பு, வினிகர், பூண்டு போட்டு நட்டுக்குத்தாக அடுக்கி அடைத்தது. அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"புளிச்சிக்கினு கீது. பழைய சோத்துக்கு ஆவும். இது எத்தினி நாளிக்கிக் கெடாது?"

நான் கேட்டுச் சொன்னேன். திறக்காமல் இருந்தால் ஒரு வருடம்.

"அப்போ நான் மாசில வந்தாலும் இருக்கும்."

"மாசியிலயா? அப்போ இங்க பனிம்மா. எல்லாம் மூடிக் கெடக்கும்."

"இருக்கட்டுமே. மல்லாட்ட எடுத்து, உளுந்து எடுத்துட்டா, மாசி பங்குனி நான் சும்மாதான் இருப்பேன். அப்ப வந்து இதத் துன்னுட்டுப் போறேன்." ஹெலனைப் பார்த்து, பாட்டிலைத் தட்டிக் காட்டி, "சூப்பரு" என்றாள். ஹெலனுக்கு அது புரிந்தது.

அம்மா செப்டம்பர் கடைசியில் ஊருக்குப் போனாள். கோரையைப் பிடுங்கி, உழுது, கார்த்திகையில் உளுந்து போட்டாள். இந்த மாசிக்குள் இன்னொரு டிக்கெட்டுக்குப் பணம் சேரவில்லை, அதனால் அடுத்த மாசி என்று நானே வைத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பனிக்காலம் முழுக்க ஒரே வேலை. பாட்டிலில் அடைப்பதற்கு ஏற்ற ரகம் எது என்று தேடினேன். நேராகக் காய்க்க வேண்டும். வளைந்த காய் பாட்டிலில் அடங்காது. நார் இருக்கக் கூடாது. விதை வெள்ளையாக இருந்தால் நல்லது. கறுப்பு விதை ரகமென்றால் பாட்டிலில் ஊற்றுகிற நீர் கலங்கலாகிவிடும். எங்கள் மண் லேசில் சூடேறாது, அதனால் குளிர்ந்த மண்ணிலும் முளைக்கிற ரகம் ஒன்று. அதற்கு விதை கறுப்பு. கலங்கினால் கலங்கட்டும் என்று அதையும் எடுத்தேன்.

அடைப்பதிலும் ஒரு படிப்பு இருக்கிறது. வினிகர் போட்டதென்றால் கொதிக்கிற நீரில் பாட்டிலை முழுக்கி எடுத்தால் போதும். வினிகர் இல்லாமல் வெறும் உப்புத் தண்ணீரில் போடுவதென்றால் கொதிநீர் போதாது, விஷமாகிவிடும். அதற்கென்றே செய்த பெரிய பிரஷர் பாத்திரம் வேண்டும். நம் வீட்டுக் குக்கரில் விசில் விட்டு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஹெலன் பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார்: "கூடாது! உன் அம்மாவைக் கொல்லப் பார்க்கிறாயா?" அவருடைய பாத்திரத்தை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கணக்கு இப்படி: மே கடைசியில் விதைப்பு. ஆகஸ்டில் மொத்தமாகக் காய், ஒரே மூச்சில் அடைப்பு. அம்மா ஆடியில் மல்லாட்டை போட்டு எடுத்து, உளுந்தும் எடுத்து, அடுத்த மாசியில் விமானம் ஏறுவாள். என் செடிக்கும் அவள் பயிருக்கும் சண்டை கிடையாது. யாழினிக்கும் இப்போது தினம் கொஞ்சம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். "இது இப்படித்தான் இருக்கும்" என்று முழுதாகச் சொல்கிறாள். ஷூ தேய்ந்திருக்கிறதே என்று கேட்டால்கூட அதையே சொல்கிறாள்.

7

விதைப் பொட்டலங்கள் வந்த அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டேன். கேமராவை மேஜைப் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது நேராகக் காய்க்கும், இது குளிர் தாங்கும் என்று ஒப்பித்தேன்.

"நீ கவலப்படாத. இந்தத் தடவ ஆடில உன்னக் கூப்பிடவே மாட்டேன். மல்லாட்டயப் போட்டு முடி. மாசில வா, பாட்டில் ரெடியா இருக்கும்."

அம்மா பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் சேவல் கூவியது. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தது.

"நெலத்தக் கோவிந்தனுக்குக் குத்தகைக்கு வுட்டுட்டேன்டா. இந்த சித்திரையிலேர்ந்து. மூணு வருஷத்துக்குப் பேசியாச்சு."

"ஏம்மா?"

"போன வருஷம் அந்தக் கோரயப் பார்த்தேன்ல. நெலம் சும்மா கெடக்கக் கூடாது. நான் அங்க வரணும்னா யாராச்சும் இங்க பார்க்கணும்ல? நீ வெயில்ல கூப்பிடுவியோ பனில கூப்பிடுவியோ, எனக்கு இன்னா தெரியும். அதான் முடிச்சி வுட்டுட்டேன்." குரலைச் சகஜமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "காத்தாலே எழுந்தாத்தான் பேஜாரா கீது. காலு அதும் பாட்டுக்கு அந்தப் பக்கம் போவுது. பாதி வழில ஞாபகம் வந்து திரும்பிடுறேன்."

மாசி வரைக்கும் அவளுக்கு வேலை இருக்கும் என்று நம்பி வாங்கின பொட்டலங்கள் மேஜையில் கிடந்தன. யாழினி பக்கத்தில் வந்து நின்று, போனில் எட்டிப் பார்த்து, "ஆயா" என்று கையசைத்தாள்.

அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"அந்த மஞ்சக் காயி எந்த மாசம் காய்க்கும்னு மட்டும் சொல்லு. அப்ப வர்றேன். இப்போ எந்த மாசமும் சும்மாதானே கீறேன்."